தோ, லோடாய்க்கினு இருக்குது

மூடியைத் திறந்ததும் ஆதிநாராயணன் லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பார். முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம், திரைக்கு மேலே நட்டநடுவில். ஊதுபத்தியைச் சுற்றிக் காட்டுவார். எழுத்துகளின் இடுக்கில் விழுந்த சாம்பலை வாயால் ஊதிவிடுவார். பிறகு ஆள்காட்டி விரலால் பட்டனை அழுத்தி, அதே விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இத்தனை மரியாதைக்கும் அந்தப் பெட்டி அசைந்து கொடுக்காது. உள்ளே எங்கோ காற்றாடி மட்டும் இளைப்புக்காரர் மூச்சுப்போல் இரையும். பெண்ணின் ஜாதகத்தையும் பையனின் ஜாதகத்தையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கறுப்புத் திரையைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள்.

“தோ, லோடாய்க்கினு இருக்குது,” என்பார் ஆதிநாராயணன். “நவக்கிரகமும் உள்ள எறங்கணும்ல? ஒம்போது பேரு பஸ்ஸுல ஏறுறதுக்கே எவ்ளோ நேரம் ஆவுது?”

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒன்பது பேர் ஏறி, துண்டு போட்டு, இடம் பிடித்துச் சண்டையும் போட்டு முடித்துவிடுவார்கள். அதற்குள் இந்தப் பெட்டிக்குக் கண்கூடத் திறந்திருக்காது. ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஜாதகம் பார்க்க வந்த இடத்தில் வாயைக் கொடுத்து யார் மாட்டிக்கொள்வது?

மரக்காணம் ரோட்டில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது அவருடைய கம்ப்யூட்டர் ஜாதக நிலையம். 1993 வரை அதே மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார். படிக்க வருகிறவர்கள் குறைந்ததும் சென்னைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரும், ஜாதகம் கணிக்கும் சாப்ட்வேரும் வாங்கிவந்து வைத்தார். ஊரிலேயே முதல் கம்ப்யூட்டர் தன்னுடையதுதான் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். பாங்கில் அதற்கு முன்பே ஒன்று இருந்ததை யாராவது நினைவுபடுத்தினால், “அது கணக்கு போட்றது. இது தலையெழுத்த போட்றது,” என்பார். தூசி சேரும் என்பதற்காகச் செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விடச் சொன்னார். ஜனங்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் திருத்தவில்லை. கொஞ்ச காலத்தில் அவரே அப்படி நம்ப ஆரம்பித்துவிட்டார்.

ஜோதிடம் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தட்டச்சு தெரியும். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் எழுத்துகளைப் பார்க்காமலே தட்டுவார். மிச்சத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். வருகிறவர்களிடம் எல்லாம் தவறாமல் ஒரு வாசகம் சொல்லுவார்: “மனுசன் மாத்திப் பேசுவான். கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுங்க.”

பெரிய பெட்டி பழுதானபின், விழுப்புரத்தில் யாரோ பயன்படுத்தி அலுத்துப்போட்ட லேப்டாப் ஒன்றை வாங்கிவந்தார். வரும்போதே அது நிதானமான பிறவி. வருஷம் போகப் போக, திரையில் மணல் கடிகாரம் ஒன்று தோன்றினால் மறைவதற்கு அதற்கு மனசே வராது. சாப்ட்வேரைத் திறக்க ஒரு காத்திருப்பு. தேதியைப் போட்டால் இன்னொரு காத்திருப்பு. பொருத்தம் என்ற கட்டத்தை அழுத்திவிட்டாலோ, அவர் மனைவி அம்சா கீழே இறங்கிப் பால் வாங்கிவந்து, காபி போட்டு, ஆற்றி, எல்லாருக்கும் கொடுத்து முடிக்கிறவரை கடிகாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். வீடும் நிலையமும் ஒரே மாடிதான். நடுவில் ஒரு துணித் திரை.

காத்திருக்கிற நேரத்தில் ஆதிநாராயணனால் சும்மா இருக்க முடியாது. வாய் ஓய்ந்தால் அவருக்குத் தாடை வலிக்கும்.

“பொண்ணு இன்னா படிச்சிருக்குது? ஓகோ. மாப்ள சொந்தமா, அசலா? கெணறு இருக்குதா, ஏரிப் பாசனமா? இந்த வருசம் மல்லாட்டை வெளைச்சல் எப்பிடி? கூடப் பொறந்தவங்கள்லாம் வந்து போய்க்கினு இருக்காங்களா, இல்ல மொறப்பா?”

கேட்கிறவர் கேட்டுக்கொண்டே போனால் சொல்கிறவர் சொல்லிக்கொண்டே போவார். வேறு என்ன செய்வது, பெட்டிதான் திறக்க மாட்டேன் என்கிறதே! மணல் கடிகாரம் மறைவதற்குள் அந்த வீட்டின் அடுப்படிவரைக்கும் அவருக்குத் தெரிந்துவிடும். முக்கியமாக, இவர்கள் இந்தச் சம்பந்தத்தை முடிக்க வந்திருக்கிறார்களா, முறிக்க வந்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். பொருத்தம் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பி வருகிறார்கள். அதன்மேல் ஒரு முத்திரை வேண்டும், அவ்வளவுதான்.

பத்துப் பொருத்தத்தில் எந்த ஜோடிக்கும் சிலது இருக்கும், சிலது இருக்காது. முடிக்க வந்தவர்கள் என்றால், இருப்பதிலிருந்து ஆரம்பித்து நிறுத்தி நிதானமாகப் படிப்பார். இல்லாததை, “அதுக்கு ஒரு பரிகாரம் பண்ணிடலாம்,” என்று போகிற போக்கில் தட்டிவிடுவார். முறிக்க வந்தவர்கள் என்றால் இல்லாததிலிருந்து ஆரம்பிப்பார். பொய் ஒரு வார்த்தை கிடையாது. எங்கே ஆரம்பிப்பது என்பதை மட்டும் எதிரில் இருக்கிற முகம் சொல்லும். கூத்து என்னவென்றால், இப்படித்தான் தன் பிழைப்பு ஓடுகிறது என்பது அந்த மனிதருக்கே தெரியாது. எல்லாம் கம்ப்யூட்டரின் மகிமை என்று மனதார நம்பினார்.

முகையூர்ப் பக்கம் விருத்தாசலம் என்று ஒரு கரும்புக்காரர். தம்பியோடு வரப்புத் தகராறு, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, இரண்டையும் காபி குடித்துக்கொண்டே அவர்தான் புலம்பினார். காகிதம் அச்சாகி வந்ததும் ஆதிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டு, “பங்காளி வகையில மனஸ்தாபம். தண்ணி சம்பந்தமா ஒரு கஷ்டம்,” என்றார். “அய்யய்யோ, புட்டுப்புட்டு வச்சிட்டீங்களே சாமி!” என்று விருத்தாசலம் எழுந்து கும்பிட்டார். தான் சொன்னது அவருக்கு மறந்துபோனதில் ஆச்சரியம் இல்லை. கேட்டது இவருக்கும் மறந்துபோயிருந்தது. விருத்தாசலம் படியிறங்கியதும், “பாத்தியா அம்சா, மிஷின!” என்று ஆதிநாராயணன் துணித் திரைப் பக்கம் திரும்பினார்.

“மிஷினா சொல்லிச்சு? அவரே காபி குடிச்சிக்கினே சொன்னாரு, நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்,” என்றாள் அம்சா உள்ளேயிருந்து. “போட்டு வாங்கறது நீங்க, பேரு மட்டும் மிஷினுக்கா?”

“ஒனக்கு இன்னா தெரியும், போ.”

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் சீனுவாசன் என்பவர் புதுக் கம்ப்யூட்டரோடு கடை திறந்ததும்தான் இவருக்குப் பயம் வந்தது. ‘உட்கார்வதற்குள் பொருத்தம்’ என்று அவர் பிளக்ஸ் வைத்தார். அதைப் படித்துவிட்டு வந்த ஒரு மாப்பிள்ளையின் அண்ணன், இங்கே மணல் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, “சார், இது தொறக்கறதுக்குள்ள பொண்ணுக்கு நரச்சிடும் போலருக்கே,” என்றான். கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு ஆதிநாராயணனை விடவே இல்லை.

புது லேப்டாப் வாங்குவதா, இருப்பதையே பழுது பார்த்து ஓட்டுவதா என்று யோசிக்க ஆரம்பித்தார். நீங்களும் நானும் என்றால் கடைக்குப் போய் விசாரிப்போம். இவர் பஞ்சாங்கத்தை எடுத்தார். ஆடியில் தள்ளுபடி போட்டார்கள், ஆடி ஆகாது. புரட்டாசியில் மனசு வந்தது. பார்த்தால் நாள் சரியில்லை. லேப்டாப்பில் இரும்பு இருக்கிறது, இரும்பைச் சனிக்கிழமை வாங்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது. மார்கழியைக் கேட்கவே வேண்டாம். தை பிறந்துவிட்டால் கல்யாண சீசன், “சீசன்ல மிஷின பிரிச்சிப் போட்டா பொழப்பு இன்னா ஆவறது?” என்பார். ஊரிலுள்ள கல்யாணங்களுக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுக்கிற மகானுக்குத் தன் லேப்டாப்புக்கு ஒரு நாள் அகப்படவில்லை. மறுபடியும் ஆடி வந்தது.

“ஒன்னு வாங்குங்க, இல்லாட்டி வுடுங்க. தெனம் இதே பேச்சு, பேஜாரா இருக்குது,” என்றாள் அம்சா. பிறகு காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “நான் ஒன்னு கேக்கறேன். அது பட்டுனு தொறந்துக்கிச்சின்னா, வந்தவங்ககிட்ட நீங்க இன்னாத்த பேசுவீங்க?”

“பேசறதுக்கா வர்றாங்க? பொருத்தம் பாக்க வர்றாங்க.”

அம்சா மறுபடியும் காய் நறுக்கப் போய்விட்டாள்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று, ஆவணி பிறந்ததும் ஒரு புதன்கிழமை ஒருவழியாகக் கிளம்பி விழுப்புரம் போனார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரேம்குமார் என்பவரின் கடை. அவர் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்து, குங்குமத்தைச் சுரண்டி, ஒரு தட்டுத் தட்டினார். “சார், இதுக்கு மெமரி போட்டாலும் ஏறாது, டிஸ்க்க மாத்துனாலும் தேறாது. மேல கேப்பை காய வைக்கலாம், அதுக்கு வேணா ஆவும்,” என்றார். வியாபாரி வேறு என்ன சொல்வார்! புதுசு ஒன்று கைக்கு வந்தது. பழையதை அங்கேயே தள்ளிவிட்டு வந்தார். வீட்டில் புது லேப்டாப்புக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப் போனவரை அம்சாதான் கையைப் பிடித்துத் தடுத்தாள். “புது வண்டிக்கு வைக்கறதில்ல? இதுவும் ஓட்ற சாமான்தான,” என்று முணுமுணுத்துக்கொண்டே பழத்தைச் சாமி மாடத்தில் வைத்தார். அன்று பட்டனை அழுத்திய விரல் கண்ணுக்குப் போய்ச் சேர்வதற்குள் திரை வெளிச்சமாக வந்து நின்றது. குழந்தை மாதிரி மூடி மூடித் திறந்து பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து ஒலக்கூரிலிருந்து நடராசன் வந்தார். கூடவே மனைவி பூமாலை, மகள் கலைப்பிரியா. மாப்பிள்ளை பக்கம் காணையிலிருந்து பையனின் அம்மா வடிவு வந்திருந்தாள். வடிவின் கையில் தட்டு, தட்டில் பூ, வெற்றிலை பாக்கு, பழம். தட்டோடு வந்தவர்கள் எதற்கு வந்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு ஏறிட்டுப் பார்க்க வேண்டுமே. ஆதிநாராயணனின் கண் புதுத் திரையை விட்டு அகலவில்லை.

“தேதி? நேரம்? ஊரு?” வாங்கினார், தட்டினார், கட்டத்தை அழுத்தினார். அழுத்திய கையை எடுப்பதற்குள் பத்தும் வந்துவிட்டது. “பாத்தீங்களா! ஒக்கார்றதுக்குள்ள!” என்று மேம்பாலம் இருந்த திசையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சூட்டிலேயே, திரையில் முதலாவதாகச் சிவப்பில் இருந்த வரியை உரக்கப் படித்தார்.

“ரஜ்ஜு இல்ல. ரெண்டும் சிரசு ரஜ்ஜு. புருசன் ஆயுசுக்கு ஆவாது. சேக்கக் கூடாது.”

ரஜ்ஜு என்பது தாலி நிலைப்பதைச் சொல்லும் பொருத்தம். பத்தில் அதுதான் பெரியது என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். பழைய பெட்டியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கலைப்பிரியாவும் மாப்பிள்ளை இளவழகனும் ஒன்றாக பி.எட். படித்தவர்கள், ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள், வருஷக்கணக்கில் சண்டை போட்டு இரண்டு வீட்டையும் இப்போதுதான் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள் என்பது காபி ஆறுவதற்குள் தெரிந்திருக்கும். வடிவு இளவயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், இளவழகன் அவளுக்கு ஒரே பிள்ளை, அவளுடைய திருப்திக்குத்தான் இந்தப் பொருத்தமே என்பதும் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால்தானே!

“எம் புள்ளைக்கா?” என்றாள் வடிவு. அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பூமாலை அவள் பின்னாலேயே ஓடினாள். நடராசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி எழுந்தார். கலைப்பிரியா மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“எதுக்கு வந்தீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா சார்?”

“நான் கேட்டு இன்னாம்மா ஆவப்போவுது? கம்ப்யூட்டரு பொய் சொல்லாது,” என்றார் ஆதிநாராயணன். அந்தப் பெண் அழவில்லை. எழுந்து போனாள்.

அம்சா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கோபப்பட்டு ஆதிநாராயணன் பார்த்ததில்லை. “அடுப்புல வச்ச பால் பொங்கல. அதுக்குள்ள ஒரு குடும்பத்த கலச்சிட்டீங்களே! அந்தம்மா தட்டோட வந்துதே, கண்ணு தெரியலயா உங்களுக்கு?”

கண் தெரிந்தது. புத்திதான் புதுப் பெட்டிக்குள் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல், மறுநாளும் அதே மாதிரி படித்தார், அதற்கடுத்த நாளும் படித்தார். முறிக்க வந்தவர்களிடம், “ஜாம்ஜாம்னு பண்ணுங்க,” என்றார். கீழே டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. “அந்தாளு மூஞ்சியக்கூட பாக்கறதில்லப்பா. கண்டக்டரு டிக்கெட்டு கிழிக்கிற மாதிரி கிழிச்சிக் குடுத்துர்றாரு,” என்றார்கள். “முன்னல்லாம் எப்பிடிச் சொல்லுவாரு! மிஷின மாத்துனாரு, வாக்கு போயிடுச்சி.” மாடிப்படிக்குக் கீழே செருப்புகள் குறைந்தன. ஆதிநாராயணன் தன் ஜாதகத்தையே தட்டிப் பார்த்துவிட்டு, ஏழரை ஆரம்பித்துவிட்டது என்றார். கெட்டது எது நடந்தாலும் சனீஸ்வரனைத் தவிர இன்னொருவர்மேல் பழி போடத் தெரியாத ஆள்.

ஆனாலும் உள்ளுக்குள் என்னவோ உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் அம்சா குளிக்கப் போன நேரம் பார்த்து விழுப்புரத்துக்குப் போன் போட்டார்.

“பிரேம்குமாரு, அந்தப் பழச திருப்பித் தர முடியுமா?”

“சார், அத பிரிச்சி வித்துட்டேனே. எதுக்கு சார், புதுசு ஸ்லோவா இருக்குதா?”

“இல்லப்பா. ஜல்தியா இருக்குது,” என்று சொல்லி போனை வைத்தார். ஈரத் தலையோடு நின்றிருந்த அம்சா சிரித்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பஞ்சாங்கம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப்போனார். பஞ்சாங்கம் மேசைமேல்தான் இருந்தது.

ஆவணி முடிகிற சமயத்தில் வடிவும் பூமாலையும் சேர்ந்து படியேறி வந்தார்கள். இந்த முறை தட்டு இல்லை. கலைப்பிரியா மேலே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்திரக் கடை வாசலில் நின்றுகொண்டாள். ஜன்னல் வழியாக அவள் தலை தெரிந்தது.

“இன்னொரு தபா போட்டுப் பாருங்க சாமி,” என்றாள் வடிவு. “பையன் சோறு துன்ன மாட்டன்றான். இந்தப் பொண்ணத் தவுர வேற யாரும் வோணாம்ன்றான். நானும் வோணாம்னு சொல்லல. ஆனா நீங்க சொன்னது காதுலயே நிக்குது. அவங்கப்பாவ நான் வாரிக் குடுத்தவ. நீங்க ஒரு வார்த்த...”

முடிக்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூமாலை அவள் முதுகில் கையை வைத்தாள்.

ஆதிநாராயணன் லேப்டாப்பைத் திறந்தார். சந்தனம், குங்குமம், ஊதுபத்தி, எல்லாம் ஆனது. பட்டனை அழுத்தினார். தேதிகளைத் தட்டினார். கட்டத்தை அழுத்தியதும் கண் மூடித் திறப்பதற்குள் பத்தும் வந்து நின்றது. மேலே அதே சிவப்பு வரி, அதே ரஜ்ஜு. அதற்குக் கீழே, அன்றைக்கு அவர் படிக்காமலே விட்ட வரிகள் கறுப்பில் இருந்தன. மகேந்திரம் இருந்தது, வசியம் இருந்தது, இரண்டு ராசிக்கும் அதிபதி ஒரே சுக்கிரன் என்று இருந்தது.

“ர...” என்று பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. துணித் திரைக்குப் பின்னால் அம்சா ஒரு டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுத்து, எதிரில் உட்கார்ந்திருந்த வடிவைப் பார்த்தார். புது லேப்டாப் வந்தபிறகு அந்த மாடியில் அவர் ஏறிட்டுப் பார்த்த முதல் முகம் அதுதான்.

“தோ, லோடாய்க்கினு இருக்குதும்மா,” என்றார். “அம்சா, காபி போடு. கீழ பொண்ணு வெயில்ல நிக்குது பாரு, கூப்புடு. நீங்க சொல்லுங்க, தம்பி இன்னா பண்ணிக்கினு இருக்கான் இப்ப?”

வடிவு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அவர் ம், ம் என்று தலையாட்டியபடியே, எல்லாம் வந்து நின்றுவிட்ட அந்தத் திரையின் மூடியை, சிவப்பு வரி அவள் கண்ணில் படாத அளவுக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.